ஜிங்க், ஃபோலிக் மாத்திரை கேட்டால் நாங்கள் ஏன் கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக எங்கள் கடையில் ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரையோ, பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமில மாத்திரையோ கேட்டால், உடனே அட்டையை எடுத்து நீட்டுவதில்லை. “யாருக்கு? எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கிறோம். சிலருக்கு இது வருத்தம் தந்திருக்கிறது. “சத்து மாத்திரைதானே, தூக்க மாத்திரையா கேட்டேன்?” என்று பல வருடங்களாக எங்களிடமே வாங்கும் ஓர் அம்மா மனம் நொந்து கேட்டார். கூட்ட நேரத்தில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, எழுபது வயதை நெருங்கிய ஒரு பெரியவருக்கு இரண்டு வாரத்துக்கு என்று 50 மி.கி. ஜிங்க் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குணமானார். மாத்திரையால்தான் பிழைத்தோம் என்ற நம்பிக்கையில் அதை நிறுத்தவே இல்லை. கூடவே தினமும் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல். அதற்குள்ளும் 22.5 மி.கி. ஜிங்க் இருந்தது அவருக்குத் தெரியாது. இரண்டையும் மாதந்தோறும் எடுத்துக் கொடுத்த நாங்களும் கூட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, காலில் இருந்து செருப்பு கழன்றுபோவதுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போனது. இருட்டில் நடந்தால் தள்ளாடினார். சர்க்கரை நோயாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். சர்க்கரை இல்லை. கடைசியில் இரத்தத்தில் செம்புச்சத்து மிகவும் குறைந்திருப்பதை நரம்பியல் மருத்துவர் கண்டுபிடித்தார். ஜிங்கை நிறுத்திச் செம்பு கொடுத்ததும், செம்புக் குறைவால் குறைந்திருந்த இரத்த அணுக்கள் சீராயின. பாதத்தின் மரப்பு முழுதாகப் போகவில்லை. அந்த அட்டைகளைக் கொடுத்தது எங்கள் கை. அதனால்தான் இப்போது கேட்கிறோம்.

ஜிங்க் அதிகமானால் செம்பு ஏன் குறைகிறது? ஜிங்க் நிறையப் போனால், குடல் சுவரில் உள்ள செல்கள் உலோகங்களைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைத் தங்களுக்குள் அதிகமாக உருவாக்குகின்றன. அந்தப் புரதம் ஜிங்கைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட செம்பு இரத்தத்துக்குப் போகாமல், உதிரும் செல்களோடு மலத்தில் வெளியேறிவிடுகிறது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு ஜிங்கையே மருந்தாகக் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். அவர்களுக்கு மருந்தாக இருப்பது, செம்பு சரியாக இருக்கும் ஒருவருக்கு மெல்ல மெல்லக் கேடாகிறது.

நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மி.கி., பெண்ணுக்கு 13.2 மி.கி. ஜிங்க் போதும். சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து, பெரியவர்களுக்கு நாள்தோறும் 40 மி.கி.க்கு மேல் நீண்ட காலம் போகக் கூடாது. ஐரோப்பியர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள், 25 மி.கி.யிலேயே கோடு கிழித்துவிட்டார்கள். முடி கொட்டுகிறது, முகப்பரு வருகிறது என்று தாங்களாகவே மாதக்கணக்கில் 50 மி.கி. சாப்பிடும் இளைஞர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். முடி கொட்டுவதற்குத் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு என்று பல காரணங்கள் உண்டு. ஜிங்க் குறைவே இல்லாதவருக்கு ஜிங்க் கொடுத்து என்ன பயன்?

அட்டையின் பின்புறத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். “ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி.” என்று பெரிதாக எழுதியிருக்கும். அது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் ஜிங்க் 22.5 மி.கி. மட்டுமே. அந்தக் கணக்கு “எலிமென்டல் ஜிங்க்” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். கூட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான். கண் தெரியாவிட்டால் அட்டையோடு வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் ஜிங்க் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வரும் தாய்மார்களிடம் நாங்கள் நேர்மாறாகத்தான் கெஞ்சுகிறோம். உப்பு சர்க்கரைக் கரைசலோடு ஜிங்கும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சேர்ந்து அறிவித்தன. நம் அரசு மருத்துவமனைகளிலும் அதுதான் முறை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மி.கி., அதாவது அரை மாத்திரை. கரையும் மாத்திரையை ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ, காய்ச்சி ஆறிய நீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியது 14 நாட்கள். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் பெரும்பாலோர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வயிற்றுப்போக்கு திரும்பி வராமல் தடுக்கும் பலன், முழு 14 நாளும் கொடுத்தால்தான் கிடைக்கும். பெரியவருக்கு வருடக்கணக்கில் போகிறது, குழந்தைக்கு மூன்றே நாளில் நிற்கிறது. எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

ஜிங்க் எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாடிக் மாத்திரைகளோடு ஜிங்கைச் சேர்த்து விழுங்கினால், வயிற்றிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆண்டிபயாடிக் வேலை செய்யாமல் போகும். ஆண்டிபயாடிக் முதலில், இரண்டு மணி நேரம் கழித்து ஜிங்க். ஜிங்கை முதலில் போட்டுவிட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து மாத்திரை காலையில் என்றால் ஜிங்க் இரவில். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம்.

இனி ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. 1928 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டுச் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதை 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்தைப் பத்து வருடம் கழித்துக் கீரையில் இருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கர்ப்பம் தரிக்க நினைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் தேவை. குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை. ஏன் முன்பே? சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, கடைக்கு வரும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். புதிதாகத் திருமணமான பெண்கள் கடையில் நின்று இதைக் கேட்கக் கூச்சப்படுவது எங்களுக்குத் தெரியும். ஒரு சீட்டில் எழுதி நீட்டினாலே போதும், சத்தமாக ஒன்றும் கேட்க மாட்டோம்.

ஆனால் எந்த அளவு என்பதில்தான் தவறு நடக்கிறது. கடைகளில் அதிகம் புழங்குவது 5 மி.கி. மாத்திரை. 5 மி.கி. என்றால் 5,000 மைக்ரோகிராம், தேவையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முன்பு நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்திருந்தால், தாய்க்குச் சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ இருந்தால், மருத்துவர் அந்தப் பெரிய அளவை எழுதுவார். முன்பு அந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு 4 மி.கி. கொடுத்ததில் மீண்டும் அக்குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மற்றவர்களுக்கு அந்த அளவு தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதைச் சாப்பிடுபவர்கள் எங்களிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

முதியவர்களுக்கும், அசைவம் தொடாதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 வைட்டமின் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பி12 குறைந்தாலும் இரத்தசோகை வரும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகிவிடும், முகம் தெளியும், பரிசோதனைத் தாளும் நன்றாக இருக்கும். உள்ளே பி12 இல்லாமல் தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்து, நடை தள்ளாடும்போதுதான் வெளியே தெரியும். மேலே சொன்ன பெரியவருக்கு ஜிங்கால் வந்த அதே தள்ளாட்டம்தான். இரண்டு வெவ்வேறு மாத்திரைகள், இரண்டு வெவ்வேறு வழிகள், ஆனால் போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்கிறது. அதனால் மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1 மி.கி.க்கு மேல் ஃபோலிக் அமிலம் வேண்டாம். இரத்தசோகை என்றால் முதலில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள்.

முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியை வீட்டில் எல்லோரிடமும் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. அதன் பக்க விளைவைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம் தருவார்கள். இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். மாற்றிப் போட்டு மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். இனி எங்கள் கடையில் மெத்தோட்ரெக்சேட் அட்டையைத் தனி உறையில் போட்டு, “செவ்வாய் மட்டும்” என்பதுபோல் உங்கள் கிழமையைச் சிவப்பு மையில் எழுதித்தான் கொடுப்போம். மாற்றிச் சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாய்ப்புண் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்கள் தாமாக ஃபோலிக் அமிலம் தொடங்கினால், இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு குறைந்து வலிப்பு திரும்பலாம். வலிப்பு மருந்தை நிறுத்துவதும் கூடாது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் ஜிங்கும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை விலை பார்க்காமல் வாங்குகிறார்கள். அவர்கள் படும் பாடு எங்களுக்குப் புரிகிறது, அதனால்தான் உள்ளதைச் சொல்கிறோம். அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் இதைச் சோதித்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் 30 மி.கி. ஜிங்கும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தை பிறப்பும் கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது. அந்தப் பணத்தைப் பரிசோதனைக்கும் நல்ல மருத்துவரின் ஆலோசனைக்கும் செலவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறீர்கள். நம் நாட்டில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகருக்குப் போனபோது, 21 வயதாகியும் பத்து வயதுச் சிறுவனைப் போல் வளர்ச்சி நின்றிருந்த ஒருவரைப் பார்த்தார். அவர் புளிக்கவைக்காத ரொட்டியையே பெரும்பாலும் தின்று வளர்ந்தவர், மண் தின்னும் பழக்கமும் இருந்தது. மனிதருக்கு ஜிங்க் குறைவு வரும் என்ற சந்தேகம் எழுந்தது அந்த ஊரில்தான், பிறகு எகிப்தில் நடந்த ஆய்வில் அது உறுதியானது. தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் ஃபைடேட் குறையும். இரவெல்லாம் பொங்கிய இட்லி மாவு அந்த வேலையைத்தான் செய்கிறது. இறைச்சி, நண்டு, கொண்டைக்கடலை, எள், பூசணி விதை ஆகியவற்றில் ஜிங்க் உண்டு. உணவில் இருக்கும் ஃபோலிக் அமில வகையான ஃபோலேட்டுக்குக் கீரையும் பாசிப்பயறும். கீரை வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், சத்தில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும்.

வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை, டானிக், கேப்சூல் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். எதில் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டி, எது யாருக்கு, என்றைக்கு நிறுத்த வேண்டும் என்பதை அட்டையின் பின்னாலேயே எழுதித் தருகிறோம். எங்களிடம் வாங்காத மாத்திரையாக இருந்தாலும் சரி. கட்டணம் இல்லை. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை கூட்டம் குறைவு, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் தேரடி மருந்துக்கடையினர்