ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளில் இறுகாத த்ரெட்லாக்கர் பசை: லேபிளில் பிரைமர் குறித்த அறிவிப்பு இல்லாதது பற்றிய புகார்

அனுப்புநர்:
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: நடுத்தர வலுவுள்ள நீல நிற த்ரெட்லாக்கர் பசையும் (நட்டும் போல்ட்டும் தளராமல் இருக்க மரைகளில் இடுவது) அதற்கான பிரைமரும் (பசைக்கு முன் உலோகத்தில் பூசும் தூண்டு திரவம்) – லேபிள் வாசகங்களிலும் தொலைபேசி ஆலோசனையிலும் உள்ள குறைகள் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் நீல நிற த்ரெட்லாக்கர் பசையை எங்கள் தொழிற்கூடத்தில் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். சாதாரண இரும்பு போல்ட்டுகளில் அது ஒருமுறைகூட எங்களைக் கைவிட்டதில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். என் புகார் அந்தப் பசையின் குப்பியில் ஒட்டப்பட்டிருக்கும் லேபிளையும், அதைவிட முக்கியமாக, உங்கள் தொலைபேசி உதவிப் பிரிவு எங்களுக்குத் தந்த ஆலோசனையையும் பற்றியது.

எங்களிடம் ஈரப் பொருளைச் சலிக்கும் அதிர்வுச் சல்லடை ஒன்று இருக்கிறது. அதன் மோட்டார் தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் 10 மி.மீ. விட்டமுள்ள (எம்10) 16 போல்ட்டுகளும் நட்டுகளும் துருப்பிடித்துவிட்டதால், கடந்த பராமரிப்பு நிறுத்தத்தின்போது அவற்றைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதியவற்றைப் பொருத்தினோம். மரைகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, உலரவிட்டு, நட் அமரும் இடத்தில் பசையை இட்டு, குறித்த முறுக்குவிசை வந்ததும் “கிளிக்” என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்கி, லேபிள் சொல்லும் 24 மணி நேரத்துக்குப் பதிலாக 30 மணி நேரம் காத்திருந்த பிறகே இயந்திரத்தை ஓட்டினோம். ஒன்பதாம் நாள் சத்தம் மாறியதைக் கவனித்த இயந்திரத்தை இயக்குபவர் உடனே நிறுத்திவிட்டார். பார்த்தபோது ஏழு நட்டுகள் வெறும் விரலால் சுற்றும் நிலையில் இருந்தன. ஒன்று கழன்று கீழே கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

கழற்றிய மரைகளின் உள்ளே பசை சில இடங்களில் கூழாகவும், சில இடங்களில் குப்பியிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல வழியும் திரவமாகவும் இருந்தது. நட்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் பசை காற்றுப் படுவதால் இறுகாது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அடைபட்டிருந்த பசையை.

உங்கள் உதவிப் பிரிவை அழைத்தபோது பேசியவர் கேட்ட முதல் கேள்வி, “பிரைமர் அடிக்கவில்லையா?” என்பதுதான். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். அதில் “எல்லா உலோக மரைகளுக்கும் ஏற்றது, 24 மணி நேரத்தில் முழு வலு” என்று இருக்கிறது. அட்டைப் பெட்டியிலும் அதே வாசகம்தான். பிரைமர் என்ற சொல் இரண்டிலும் எங்கும் இல்லை. பிறகு அவர் அனுப்பிய நான்கு பக்கத் தொழில்நுட்பத் தாளின் மூன்றாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், செயலற்ற உலோகங்களுக்கு (பசை இறுகுவதைத் தூண்டாதவற்றுக்கு) பிரைமர் பரிந்துரைக்கப்படுவதாக ஒரே ஒரு வரி இருந்தது. அந்தத் தாள் பசையோடு வருவதில்லை, கேட்டால்தான் கிடைக்கிறது. பிரைமர் என ஒன்று இருப்பதே தெரியாத வாடிக்கையாளர் அதை எப்படிக் கேட்பார்?

இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியமானது என்பதை உங்கள் லேபிள் எழுதுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தப் பசை காற்றில் உலர்ந்து இறுகும் வகையைச் சேர்ந்ததல்ல; ஆக்சிஜன் விலகி, அதே சமயத்தில் உலோகத்தின் தொடர்பும் கிடைக்கும்போதுதான் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் ஒருமுறை, குப்பியில் பாதிதான் ஊற்றித் தருகிறீர்கள் என்று உங்களுக்குப் புகார் எழுதவே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலி இடத்துக் காற்றுதான் பசையைக் குப்பிக்குள் இறுகாமல் காக்கிறது என்று விளக்கி அவரைத் தடுத்தவன் நான். ஆக, காற்றை விலக்கும் வேலையை நட் பார்த்துக்கொள்கிறது. உலோகத்தின் பங்கு மட்டும் எல்லா உலோகத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. இரும்பு, செம்பு, பித்தளை போன்றவை வினையைத் தூண்டிவிடுகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம், துத்தநாக முலாம், அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடுப் படலம் ஏற்றிய) அலுமினியம், டைட்டானியம் ஆகியவை பசைக்கு ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. அத்தகைய பரப்பில் செம்பு உப்பைக் கரைத்து வைத்திருக்கும் பிரைமரைப் பூசினால், உலோகம் தராததை அது தருகிறது. எங்கள் சல்லடை நிற்கும் அறை குளிர்ச்சியானது. குளிர் இந்த வினையை இன்னும் மந்தமாக்கும். அதாவது, பிரைமர் மிகவும் தேவைப்படும் இரண்டு காரணங்களும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. லேபிளோ “எல்லா உலோகத்துக்கும்” என்று உறுதி கூறியது.

நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் (சுருள்வில் வளையம்) போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றும் உங்கள் பிரதிநிதி சொன்னார். பக்கவாட்டு அதிர்வு எப்படி இறுகிய போல்ட்டைத் தானாகவே தளர்த்துகிறது என்பதைக் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இலேயே சோதனையோடு விளக்கிவிட்டார். அவர் பெயரால் வழங்கும் அதே சோதனையில் ஸ்பிரிங் வாஷர்கள் எவ்வளவு மோசமாகத் தோற்கின்றன என்பதும் இத்துறையில் பலருக்கும் தெரிந்த செய்தி. த்ரெட்லாக்கர் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர், வாஷரை நம்பச் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது அடுத்து அவர் சொன்ன வாக்கியம்: “இனிமேல் எல்லா போல்ட்டுக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள், பாதுகாப்பாக இருக்கும்.” அதை நம்பி உங்கள் பிரைமரையே வாங்கி, சல்லடையின் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளோடு பக்கத்துக் கியர்பாக்ஸின் சாதாரண இரும்பு போல்ட்டுகளுக்கும் அடித்தோம். சல்லடையில் பசை நன்றாகப் பிடித்தது. இன்றுவரை ஒரு நட்டும் அசையவில்லை. அந்த வகையில் உங்கள் பிரைமரைப் பாராட்டவே செய்கிறேன். கியர்பாக்ஸில்தான் சிக்கல் தொடங்கியது.

அதன் மூடியில் 12 போல்ட்டுகள். எல்லாவற்றையும் முதலில் பாதி விசைக்குக் குறுக்கு வரிசையில் முறுக்கி, பிறகு இரண்டாம் சுற்றில் முழு விசைக்குக் கொண்டுவருவது வழக்கம். பிரைமர் இல்லாமல் செய்தால் இரும்பில் இந்தப் பசை பிடிக்கக் கால் மணி நேரம்போல ஆகும் என்பதால், இரண்டாம் சுற்றுக்கு அவகாசம் இருந்தது. பிரைமர் அடித்த இரும்பில் அந்த அவகாசம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. இரண்டாம் சுற்றுக்குத் திரும்பியபோது முதல் சில போல்ட்டுகளில் பசை ஏற்கெனவே பிடித்திருந்தது. ரெஞ்ச் “கிளிக்” என்றபோது அந்த விசையில் எவ்வளவு போல்ட்டை இழுக்கச் சென்றது, எவ்வளவு பசையை உடைக்கச் செலவானது என்பதைச் சொல்ல வழியே இல்லை. பிடித்த பசை ஒருமுறை உடைந்தால் மறுபடி சேராது என்பதும் தெரிந்ததே. 12 போல்ட்டுகளையும் கழற்றி, மரைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மீண்டும் முதலிலிருந்து பொருத்தினோம்.

சந்தேகம் தீர, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சாதாரண இரும்பு போல்ட்டுகளில் ஐந்தைப் பிரைமரோடும் ஐந்தைப் பிரைமர் இல்லாமலும் பூட்டி, மறுநாள் கழற்றிப் பார்த்தோம். பிரைமர் அடித்த ஐந்தும் மற்ற ஐந்தைவிடக் குறைந்த முறுக்குவிசையில் அவிழ்ந்தன. இந்தப் பசைகளின் முறுக்கு வலுவை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 10964 என்ற சர்வதேசத் தர முறை இருக்கிறது. எங்கள் மேசைச் சோதனைக்கு அந்தத் துல்லியம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும், இரும்பு போன்ற உலோகங்களில் பிரைமர் வேகத்தைக் கூட்டினாலும் இறுதி வலுவைக் குறைக்கக்கூடும் என்று உங்கள் பிரைமரின் தொழில்நுட்பத் தாளே சொல்கிறது. உங்கள் தாளுக்கே எதிரான ஆலோசனையை உங்கள் உதவிப் பிரிவு “பாதுகாப்பு” என்ற பெயரில் சொல்லியிருக்கிறது.

பிரைமர் டப்பாவின் லேபிளிலும் குறை உண்டு. “பூசிய பாகங்களைச் சேமித்து வைக்கலாம்” என்று அதில் இருக்கிறது. எத்தனை நாள் என்று இல்லை. நாங்கள் ஒரு பெட்டி நட்டுகளுக்கு ஒரேயடியாகப் பிரைமர் பூசி வைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பயன்படுத்தினோம். பசை மறுபடியும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. தாளைத் தேடிப் படித்தபோது 30 நாள் வரம்பு கண்ணில் பட்டது. தாளைக் கையில் வைத்துக்கொண்டும் முன்கூட்டியே படிக்காதது எங்கள் தவறு. அந்த நட்டுகளுக்காக நான் எதையும் கோரவில்லை. அசிட்டோன் கலந்த அந்தப் பிரைமர் தெளிப்பு பட்டதில் இயந்திரத்தின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் காப்புத் தகடு மயிரிழை வெடிப்பு விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தீப்பற்றும் என்ற எச்சரிக்கை பெரிதாக இருக்கும் டப்பாவில் பிளாஸ்டிக் பற்றிய எச்சரிக்கை இல்லை.

எனவே, பசைக் குப்பியில் “எல்லா உலோக மரைகளுக்கும்” என்ற வாசகத்தை நீக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முலாம் பூசியவை, அனோடைஸ் செய்தவை ஆகியவற்றுக்குப் பிரைமர் தேவை என்று கண்ணில் படும் எழுத்தில் அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். குப்பி சிறியது, இடமில்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். பொய்யான மூன்று சொற்களுக்கு இடம் இருந்த இடத்தில் உண்மையான மூன்று சொற்களும் அடங்கும். பிரைமர் டப்பாவில் 30 நாள் வரம்பும் பிளாஸ்டிக் எச்சரிக்கையும் வர வேண்டும். உதவிப் பிரிவில் பேசுபவர்கள் ஆலோசனை சொல்வதற்கு முன் “எந்த உலோகம்?” என்று கேட்கப் பழக வேண்டும். சல்லடை நின்றிருந்த நேரத்துக்கும், வெடித்த காப்புத் தகட்டுக்கும் உரிய இழப்பீட்டுக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

தளர்ந்த ஏழு போல்ட்டுகளையும் கழன்று விழுந்த ஒன்றையும் அவற்றின் நட்டுகளோடு துடைக்காமல், எந்தத் துளையிலிருந்து எடுத்தவை என்று குறித்து, தனித்தனி உறைகளில் வைத்திருக்கிறோம். பசைக் குப்பியும் அதே தொகுதி எண்ணோடு எங்களிடம் இருக்கிறது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துவழிப் பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசி அழைப்பைப் பதிலாக ஏற்க இயலாது.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: லேபிள்கள், கழற்றிய மரைகள், காப்புத் தகடு ஆகியவற்றின் ஒளிப்படங்கள், இழப்பீட்டுக் கணக்கு.