பேயை எடுத்துவிட்டுப் படியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். எடின்பரோ போகிறவர்கள் ஒரு பேய் டூரை, அதாவது பழைய கல்லறைகளையும் பாதாள அறைகளையும் காட்டிப் பேய்க்கதை சொல்லும் நடைப்பயணத்தை, தவறவிடக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். நானும் அதையே சொல்வேன். ஆனால் எந்த டூரைப் புக் செய்வது என்ற இடத்தில், "நான்கரை ஸ்டாருக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதே நான்கரை ஸ்டாரை நம்பித்தான் போன ஜூனில் நானும் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு சாயங்காலத்தையும் நாலு டிக்கெட் காசையும் தொலைத்துவிட்டு வந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாலை ஏழு மணி டூர். எடின்பரோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது இரவு பத்து மணிக்கு. ஏழு மணிக்கு நம்மூர் நாலு மணி வெயில் போல அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பையன், கையில் எரியாத லாந்தருடன், ஏறக்குறைய நாற்பது பேரை இழுத்துக்கொண்டு ராயல் மைல் வீதியில் நடந்தான். ஒரு பக்கம் பேக்பைப் வாசிப்பு, இன்னொரு பக்கம் பஸ் சத்தம். பின்வரிசையில் நின்ற எங்களுக்கு அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "பாட்டி, பேய் எப்போ வரும்?" என்று பேரன் கேட்டபடி இருந்தான். பாதாள அறைக்குள் இருந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் புளியமரத்தையே காட்டவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல், மாப்பிள்ளையின் டேப்லெட்டை வாங்கி அந்த டூரின் விமர்சனங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். வங்கி வேலையில் கடைசி ஒன்பது வருஷம் தணிக்கைப் பிரிவில் இருந்தவள் நான். மொத்தத்தைப் பார்க்காதே, வவுச்சரைப் பார் என்பது அங்கே பழகிய பாடம். பார்த்தால், எங்களுக்கு நேர்ந்தது அத்தனையும் அதில் எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

பேய் டூர் விமர்சனத்தில் ஒரு வினோதம் உண்டு. ஓட்டலைப் பற்றி "சாம்பாரில் உப்பில்லை" என்று எழுதினால் அது குறை. இங்கே ஒருவர் "பேயே வரவில்லை" என்று ஒற்றை ஸ்டார் போடுகிறார். அடுத்தவர் "கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்" என்று ஐந்து போடுகிறார். இரண்டிலும் டூரைப் பற்றி ஒரு சேதியும் கிடையாது. ஆகவே நான் செய்வது இதுதான்: விமர்சனத்திலிருந்து பேயை எடுத்துவிடுகிறேன். சிலிர்ப்பு, குளிர்ந்த கை, அணைந்த டார்ச் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள், காதில் விழுந்ததா, உள்ளே எவ்வளவு நேரம், எத்தனை படிக்கட்டு, கைடு நேரத்துக்கு வந்தாரா. ஒன்றுமே மிஞ்சாத விமர்சனம் ஐந்து ஸ்டார் ஆனாலும் எனக்கு வெற்றுத் தாள்.

சிலிர்ப்பை ஏன் அடிக்கிறேன் என்றால், அதற்குச் சான்று இருக்கிறது. எடின்பரோவின் சவுத் பிரிட்ஜ் பாலம் 1788இல் திறக்கப்பட்டது. பத்தொன்பது வளைவுகள், இன்று வெளியே தெரிவது ஒன்றுதான், மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. பேய் டூர்களில் காட்டும் பாதாள அறைகள் இந்த வளைவுகளுக்கு அடியில் இருப்பவைதான். அவற்றில் முதலில் பட்டறைகளும் சரக்கறைகளும் இருந்தன. தண்ணீர் ஒழுகியதால் வியாபாரிகள் காலி செய்தார்கள், போக்கிடமில்லாத ஏழைகள் குடிவந்தார்கள். பிறகு அடைபட்டுக் கிடந்து 1980களில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் அந்த அறைகளுக்குள் சாதாரண மக்களை அனுப்பி ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். பேய் இருப்பதாகப் பேர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேருக்கு ஏதோ தோன்றியிருக்கிறது, அந்தக் கதைகளை முன்பே அறியாதவர்களுக்கும்கூட. ஆனால் அது அறையின் அளவோடும் வெளிச்சத்தோடும் ஒத்துப்போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் ஆய்வில்லாமலே சொன்னது. ஆக, மயிர்க்கூச்செறிந்த புகழ் அந்தப் பாதாள அறைக்குச் சேர வேண்டியது. டூர்காரர் அதில் பங்கு கேட்க முடியாது.

அடுத்து நான் பார்ப்பது மாதம். இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் டூருக்கு "என்ன இருட்டு, என்ன சூழ்நிலை!" என்று உருகியவர்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் போனவர்கள். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன், ஜூலை விமர்சனங்களை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் அது வேறு டூர். ஆகஸ்டில் நாடக விழாக் கூட்டம் வேறு சேர்ந்துகொள்ளும். நீங்கள் போகிற மாதத்தில் போனவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1679இல் பாத்வெல் பிரிட்ஜ் சண்டையில் தோற்ற கவனன்டர்கள் (தேவாலய விஷயத்தில் அரசரின் தலையீட்டை எதிர்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள்) ஏறக்குறைய 1200 பேரைக் கொண்டுவந்து அதை ஒட்டிய திறந்த வெளியில் அடைத்து வைத்தார்கள். அவர்களை வேட்டையாடிய அரசு வழக்குரைஞர் ஜார்ஜ் மெக்கன்சி 1691இல் இறந்து அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டார். நகரத்தின் பேர்போன பேய் அவர்தான். அவருடைய சமாதியைப் பகலில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சிறை இருந்த பகுதியோ பூட்டியே கிடக்கும், சாவி எல்லா டூர்காரரிடமும் கிடையாது. விளம்பரப் படத்தில் அந்தச் சிறையைப் போட்டுவிட்டு, வாசல் கம்பிக்கு வெளியே நிறுத்திக் கதை சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. "கேட் வழியாகப் பார்த்தோம்" என்று இரண்டு பேர் சாதாரணமாக எழுதியிருந்தால் போதும், புரிந்துகொள்ளலாம். எங்கள் டூரில் அப்படி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவருமே நாலு ஸ்டார் கொடுத்த நல்ல மனசுக்காரர்கள்!

நாலு, மூன்று ஸ்டார்காரர்கள்தான் என் சாட்சிகள். கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை, நடந்ததைச் சொல்கிறார்கள். ஐந்து ஸ்டாரில் நான் சந்தேகப்படுவது கைடு பெயர் மட்டும் உள்ள ஒற்றை வரிகளை. "இன்னார் அருமை, அனைவரும் செல்லுங்கள்." எங்கள் டூர் முடிந்ததும் அந்தப் பையனே, "என் பெயரைப் போட்டு எழுதினால் எனக்கு நல்லது" என்று கேட்டான். பாவம், அவனுக்கு அதில் ஏதோ கிடைக்கும் போல. அவனைக் குறை சொல்லவில்லை. அவன் சிரித்த முகத்துக்குக் கொடுத்த ஸ்டாரை டூருக்குக் கொடுத்ததாக எண்ணிவிடக் கூடாது. இரண்டே நாளில் இருபது புகழ்ச்சி வந்து, பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை என்றால் தணிக்கைக்காரிக்கு மூக்கு அரிக்கும். அதே நிறுவனத்தின் பகல்நேர விஸ்கி டூருக்குக் கிடைத்த பாராட்டும் இதே எண்ணிக்கையில் கலந்திருந்ததையும் கண்டேன்.

பொய் விமர்சனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் ஒரு கதை உண்டு. 2017இல் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை எழுத வைத்து, லண்டனிலேயே முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை அங்கே யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடுகூடப் பரிமாறியதில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் பொய் விமர்சனம் சட்டப்படி தடை. நம் நாட்டில் 2022இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் (BIS) இணைய விமர்சனங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது, ஆனால் அப்போது கட்டாயமாக்கவில்லை.

கைடு சொல்கிற கதையின் தரமும் விமர்சனத்தில் தெரிந்துவிடும். மேரி கிங்ஸ் குளோஸ் என்ற பழைய சந்தில் 1645 கொள்ளைநோயின்போது மக்களை உயிரோடு சுவர் வைத்து அடைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி நடக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1753இல் தொடங்கிய கட்டடத்துக்கு அடித்தளமாக அந்தச் சந்தின் ஒரு பகுதி மூடப்பட்டது. மிச்சப் பகுதியில் 1902 வரைகூட ஆள் இருந்தார். "உயிரோடு புதைத்ததைக் கேட்டு அழுதோம்" என்று பலர் எழுதியிருந்தால், கைடு எந்த ரகம் என்று தெரிந்துவிடுகிறது. சிலருக்கு அதுவே பிடிக்கலாம். எனக்கு வரலாறு வேண்டும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும். இருட்டு மூலையில் ஒளிந்திருந்து திடீரென்று குதிப்பதற்கு என்றே ஆள் வைத்திருப்பார்கள் சில டூர்களில். அந்த ஊர்ப் பேச்சில் 'ஜம்பர் ஊட்டர்' என்று அவருக்குப் பெயரே உண்டு. விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள், சொன்னால் அப்புறம் எங்கே பயம்? "என் அம்மா கீழே விழப் பார்த்தார்" என்ற மாதிரி வரி எந்த மூலையிலாவது இருக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஸ்டார் விஷயம் இல்லை. படிக்கட்டு ஈரம், கூழாங்கல் பாதை, வழுக்கல் பற்றிய வரிகளும் அப்படியே.

கடைசியாக, மோசமான விமர்சனத்துக்கு நிறுவனம் எழுதுகிற பதிலைப் பாருங்கள். கூட்டம் அதிகம் என்று சொன்னவருக்கு, ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்று பதில் வந்தால் நல்லது. எல்லாருக்கும் ஒரே வருத்தத்தை ஒட்டியிருந்தால், அங்கே யாரும் படிக்கவில்லை.

நானும் மறுநாள் மகளைத் தட்டச்சுச் செய்யச் சொல்லி ஒரு விமர்சனம் போட்டேன். மூன்று ஸ்டார். ஜூன் மாதம், ஏழு மணி, வெயில், நாற்பது பேர், பின்வரிசையில் கேட்கவில்லை, சிறை பூட்டியிருந்தது, பாதாள அறையில் பத்து நிமிஷம், இறங்க இத்தனை படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பேயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நாளில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: "தங்களுக்குப் பேய் அனுபவம் கிடைக்காததற்கு வருந்துகிறோம். ஆவிகள் நம் விருப்பத்துக்கு வருவதில்லை."

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
பாளையங்கோட்டை.