வண்டி பின்னாடி அந்த நம்பர் எனக்கு வேண்டாமுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

நான் அவிநாசி பக்கம் பனியன் கம்பெனி வெச்சிருக்கறவன். பெரிய எக்ஸ்போர்ட்டர் எல்லாம் இல்லீங்க, நாப்பது மெஷின், ஜாப் ஒர்க்தான் எச்சு. போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் பென்ஸ் வாங்குனேன், 2018 மாடல், ஈ 220 டி, கருப்பு. வாங்கி நாலு மாசத்துல டிக்கி மேல இருந்த எழுத்து நம்பரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், நட்சத்திரம் மட்டும்தான் இருக்கு. அன்னைல இருந்து ஒரே கேள்வி, ஏனுங்க எழுத்து உளுந்துருச்சா, ஆக்சிடெண்ட் ஆன வண்டியா, திருட்டு வண்டியான்னு கூட ஒருத்தரு கேட்டுட்டாரு. காரு வாங்கறதே நாலு பேரு பாக்கத்தான, அப்பறம் எதுக்கு மறைக்கறேன்னு என்ற பங்காளியே சண்டைக்கு வந்தாரு. அவருக்கு அன்னைக்கு சரியா பதில் சொல்ல முடியல, அதனால இங்க எழுதறேன்.

எங்க செக்கிங்ல இருக்கற அக்கா ஒருத்தங்க, பதினாறு வருஷமா எங்ககூட இருக்கறவங்க, அவங்க பொண்ணு சீருக்கு கூப்பிட்டிருந்தாங்க. இந்த வண்டிலதான் போனேன். சந்து சின்னது, பந்தலுக்கு எதுத்தாப்லயே நிறுத்த வேண்டியதா போச்சு. கொஞ்ச நேரத்துல பசங்க எல்லாம் வண்டிகிட்ட, ஒரு பையன் அந்த நம்பரை போன்ல அடிச்சு புது வண்டி விலை என்னன்னு பாத்து சத்தமா படிச்சான். பந்தல்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அந்தக்கா ஒண்ணும் பேசல, வாங்க சாப்பிடலாமுன்னு கூட்டிட்டுப் போனாங்க, ஆனா அவங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல. அவங்க பொண்ணோட நாளுங்க அது. நான் வெச்ச மொய்யும் சீரும் எல்லாம் அந்த ஒரு நம்பருக்கு முன்னாடி ஒண்ணுமில்லாம போச்சு. அடுத்த வாரமே எடுத்தரோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இன்னொண்ணு, முப்பது வருஷமா லேபிள் தெச்சுப் பொழைக்கறவன் நான். ஒரே ரோல் துணி, அதே 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, அதே டைலரு, காலைல ஒரு பிராண்டு லேபிள் மத்தியானம் வேற பிராண்டு லேபிள். கழுத்துல அது ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சாக்கூட பீஸ் ரிஜெக்ட். அந்த ஒரு துண்டு லேபிளுக்காக கடைல ஒண்ணு விக்கற விலைக்கு இன்னொண்ணு நாலு வாங்கலாம். உள்ள இருக்கற துணி என்னன்னு எனக்குத் தெரியும், அதனாலயோ என்னவோ வெளிய ஒட்டியிருக்கற எழுத்து மேல எனக்குப் பெருசா மரியாதை வரமாட்டேங்குது.

அந்த நம்பருக்கு அர்த்தமும் இப்ப கெடையாதுங்க. மெக்கானிக்கல் படிக்கற என்ற பையன் சொன்னப்ப நம்பல, 220ன்னா 2.2 லிட்டர், அதாவது 2200 சிசி இஞ்சின்னுதான் நெனச்சிருந்தேன், ஆர்சிய எடுத்துப் பாத்தா 220ன்னு எழுதுன வண்டிக்கு 1950 சிசி. ஒரு காலத்துல நம்பரும் இஞ்சினும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, 1968ல வந்த பென்ஸ் 300 எஸ்ஈஎல் 6.3ல நெசமாவே 6.3 லிட்டர் இஞ்சின். அந்தப் பேருக்காக 63ங்கறத இப்பவும் ஓட்டிட்டு இருக்காங்க, 2022ல காட்டுன சி 63ல ரெண்டு லிட்டர் நாலு சிலிண்டர்தான், கூட மோட்டாரும் பேட்டரியும். ஆடிக்காரங்க 2017ல இருந்து 40, 45, 50ன்னு போட்டது பவரை வெச்சு, அதுக்கும் லிட்டருக்கும் சம்பந்தமே இல்ல.

ஜெர்மனில இதெல்லாம் சாதாரணமுங்க. ஆர்டர் பண்றப்பவே மாடல் எழுத்து வேண்டாம்னு சொல்லிக்கலாம், பென்ஸ்ல அதுக்கு ஆர்டர் கோட் நம்பர் 260, பிஎம்டபிள்யூல 320, ஆடில 2இசட்0. பெரிய இஞ்சின் வாங்குனவனும் எடுக்கறான் சின்ன இஞ்சின் வாங்குனவனும் எடுக்கறான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு எது எதுன்னு தெரியாது. பென்ஸ் புனே பக்கத்துல சாக்கன்ல அசெம்பிள் ஆகுது, பிஎம்டபிள்யூ 2007ல இருந்து நம்ம சென்னை பக்கத்துலயே பண்றாங்க. கடைசில பசைல ஒட்டற எழுத்துதான, கேக்கறவனுக்கு ஒட்டாம குடுக்கறதுல என்ன கஷ்டம். நான் விசாரிச்ச ஷோரூம்ல அப்படி ஒரு வழக்கமே இல்லன்னுட்டாங்க. அவங்க பேரை மட்டும் பின் கண்ணாடில ஸ்டிக்கரா, நம்பர் பிளேட் ஃப்ரேம்ல எழுத்தா, கேக்காமயே ஒட்டிக் குடுக்கறாங்க.

இது ஏன் சொல்றேன்னா வண்டி வாங்குன பொறவு எடுக்கறது சுலபமில்ல. நான் ஒரு பட்டறைல குடுத்தேன், அந்தப் பையன் ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பிட்டான், கோடு உளுந்துருச்சு. ஹேர் டிரையர் வெச்சு மெதுவா சூடு காட்டி, மீன் புடிக்கற நரம்பை எழுத்துக்குப் பின்னாடி உட்டு அறுக்கறாப்ல இழுத்தாத்தான் பெயிண்ட் தப்பும். மிச்ச பசைய வெரலால உருட்டி எடுத்துட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தொடைக்கோணும், அப்பறம் பாலிஷ். எடுத்த பொறவும் எழுத்து இருந்த எடம் மட்டும் புதுசாட்ட பளபளன்னு, சுத்தியும் வெயில்ல வெளுத்து, 220ன்னு அப்படியே படிக்கலாம். ரெண்டு தாட்டி பாலிஷ் போட்டுத்தான் மறஞ்சுது. லோகோவையும் எடுக்கோணும்னு நெனைக்கறவங்க பாத்துப் பண்ணுங்க, சில வண்டில அதுக்குப் பின்னாடி ஓட்டை இருக்கும், சிலதுல ரிவர்ஸ் கேமராவே அங்கதான் இருக்கும்.

திருட்டு வண்டியான்னு கேட்டவருக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். மாடல் பேரு, சேஸ் நம்பர், இஞ்சின் நம்பர் எல்லாம் ஆர்சில இருக்கு, டிக்கி எழுத்தை எடுத்தா எதுவும் மறையாது. நம்பர் பிளேட்டுலதான் கை வெக்கக் கூடாது. ஆனா சின்ன இஞ்சின் வண்டி வாங்கிட்டு, பென்ஸ்ல ஏஎம்ஜி, பிஎம்டபிள்யூல எம்முன்னு பவர் எச்சான வண்டிக்குப் போடற பேட்ஜை ஆன்லைன்ல வாங்கி ஒட்டறாங்களே, அதை யாருமே கேக்கறதில்ல. அதையே எங்க தொழில்ல பண்ணுனா டூப்ளிகேட் லேபிள் கேஸு, குடோனுக்கு சீல் வெச்சுருவாங்க. இல்லாததை ஒட்டறவனை உட்டுட்டு இருக்கறதை எடுத்தவனை சந்தேகப்படறது எனக்கு நெம்ப வருத்தமா இருக்குங்க.

கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோட்டு ஷோரூம்காரங்க இதைப் படிச்சா, புக்கிங் ஃபார்ம்ல "மாடல் எழுத்து வேணுமா வேண்டாமா", "எங்க ஸ்டிக்கர் ஒட்டலாமா"ன்னு ரெண்டே வரி சேத்துங்க. பழைய வண்டி விக்கறவங்களும் ஒரு வார்த்தை கேட்டுட்டு சுத்தமா எடுத்துக் குடுத்தா காசு எச்சா குடுக்கக்கூட ஆள் இருக்கு. வர்ற தை மாசம் என்ற தம்பி புது வண்டி புக் பண்றான், அட்வான்ஸ் குடுக்கறப்பவே இதை எழுத்துல வாங்கிக்கச் சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனிக்காரன் ஒருவன்,
அவிநாசி