படித்து முடிக்கும் வரை நில்லுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. காலையில் டீக்கடையில் உங்கள் நாளிதழைப் புரட்டிவிட்டுத்தான் பட்டறைக் கதவைத் திறப்பேன். இணைய விளையாட்டு என்றாலே நம் பத்திரிகைகளில் பணத்தைத் தொலைத்தவர்களின் கதைதான் வருகிறது. அது வர வேண்டியதுதான். 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தபோது நிம்மதி அடைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. பந்தயப் பணம் எதுவும் இல்லாமல், பல நாட்டுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற பெரிய விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இலவசமாக ஆடிப் பார்க்க வருகிற புதியவர்களை, வருஷக் கணக்கில் ஆடித் தேர்ந்தவர்கள் நடத்துகிற விதம் பற்றித்தான் எழுதுகிறேன். தேர்ந்தவர்கள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன மே மாத விடுமுறைக்குத் தேவகோட்டையிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். பிளஸ் ஒன் முடித்த பையன். அதிகம் பேச மாட்டான். நான் இரவில் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நாள் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க" என்றான். இலவசக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் வேலையைத் தேர்ந்தெடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "யாராவது ஒருத்தர் பாத்துக்கணும்ல மாமா" என்றான். ஒரு வாரத்தில் 15-ஆம் நிலைக்கு வந்து, முன்பின் தெரியாத மூன்று பேருடன் முதல் குகைக்குள் போனான். நான் அப்போது பட்டறையில் இருந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கணினி அணைந்து கிடக்கிறது; இவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். "மாமா, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் குகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஆடுவது 'ஃபைனல் ஃபேண்டஸி 14' என்ற ஜப்பானிய விளையாட்டு. முதல் குகையின் பெயர் 'சஸ்தாஷா'. கடற்கொள்ளையர்கள் பதுங்கிய கடல் குகை. நான்கு பேர் சேர்ந்து போக வேண்டும்: முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர், தாக்க இருவர். உள்ளே கொஞ்ச தூரம் போனதும் ரத்தக்கறை படிந்த துண்டுக் காகிதம் ஒன்று கிடைக்கும். அதில் ஒரு நிறத்தின் பெயர் இருக்கும். அங்கே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் பவளப் பாறைகள் நிற்கின்றன. காகிதத்தில் சொன்ன நிறத்தைத் தொட்டால்தான் மேற்கொண்டு போக முடியும். தப்பான நிறத்தைத் தொட்டால் எதிரிகள் பாய்ந்து வருவார்கள். மொத்தமே ஒரு நிமிட வேலைதான். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அந்த விளையாட்டு 'நீயே யோசித்துப் பார்' என்று குழுவுக்கு நடுவில் விட்டுக் கொடுக்கிற முதல் இடம் அது.

என் மருமகன் அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஆங்கிலம் அவனுக்கு மெதுவாகத்தான் வரும். முன்னால் நிற்க வேண்டியவர் நிற்காமல் ஓடி, பாறையைத் தொட்டு, அடுத்த இரண்டு கூட்டத்து எதிரிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். குணப்படுத்துகிறவன் பின்னால் நிற்கிறான், அவர் முன்னால் செத்துவிட்டார். அப்புறம் வந்தது வசவு. ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். மற்ற இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கெடுப்பு வைத்து இவனை வெளியே தள்ளிவிட்டார்கள். அதற்கு முன் கடைசியாக வந்த வரி, இலவசக் கணக்குக்காரர்களை எல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள் என்பது. நம் பேச்சில் சொன்னால் 'ஓசி'. அந்த ஒரு சொல்லைத்தான் பையன் மனதில் வைத்துக்கொண்டான். "ஓசியில ஆடுறது தப்பா மாமா?"

தப்பே இல்லை. அந்த விளையாட்டை நடத்துகிறவர்களே வா, வந்து பார் என்று கூப்பிட்டு வைத்திருக்கிற வாசல் அது. ஒரு காலத்தில் 14 நாள்தான் என்றிருந்தது. 2017-ல் நாள் கணக்கை எடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் 60-ஆம் நிலை வரைக்கும், 2023 அக்டோபரில் 70-ஆம் நிலை வரைக்கும் இலவசத்தை நீட்டினார்கள். ஆனால் அந்த வாசலில் நிறையக் கட்டுப்பாடு உண்டு. இலவசக் கணக்கில் வருகிறவர் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. மற்றவருடன் பண்டம் மாற்ற முடியாது. கையில் விளையாட்டுக் காசு 3,00,000-க்கு மேல் தங்காது. தானாகக் குழு அமைக்க முடியாது, சங்கங்களில் சேர முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப முடியாது. ஊர் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டு உதவி கேட்கவும் முடியாது. பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்களிடமும், உடன் வந்த குழுவிடமும்தான் பேசலாம். இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கிற கூட்டம், பல விளையாட்டுகளிலும் இலவசக் கணக்குகளைத் திறந்து விளம்பரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கப் போட்ட பூட்டு இது. யாரோ செய்ததற்குப் பாதி வாய் கட்டப்பட்டவனாகப் புதியவன் வருகிறான். குகைக்குள் அவன் வாய் திறந்து கேட்கக் கூடிய இடம் அந்த நான்கு பேர் குழு ஒன்றுதான். அங்கேயும் அவனை விரட்டினால் அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

இலவசக்காரர்களால் கூட்டம் கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். 2021 டிசம்பரில் புதிய பாகம் வெளிவந்தபோது சர்வர்கள் திணறின. அப்போது நெரிசல் நேரத்தில் இலவசக் கணக்குகளை உள்ளே விடாமல், பணம் கட்டியவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அது சரிதான். மாதச் சந்தா கட்டுகிறவன் காத்துக் கிடக்கக் கூடாது. இடம் கொடுப்பதில் வரிசை இருக்கட்டும். உள்ளே வந்து பக்கத்தில் நிற்பவனிடம் மரியாதையில் வரிசை பார்ப்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை.

நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். 2020-ல் ஊரடங்கில் வெளியூர் வேலை எல்லாம் நின்று, பட்டறை பூட்டிக் கிடந்தது. டிசைன் வரைய வாங்கிய கணினி சும்மா இருந்தது. செப்டம்பரில் இரண்டு இரவு முழுக்க டவுன்லோடு போட்டு உள்ளே போனேன். ஜப்பான் சர்வர். அங்கே ஒரு கஷ்டம் உண்டு. எதிரி அடிக்கப்போகும் இடம் தரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அதைவிட்டு விலகிவிட வேண்டும். நம் ஊர் இணையத்தில் நான் விலகிய செய்தி ஜப்பானுக்குப் போய்ச் சேருவதற்குள் அடி விழுந்துவிடும். என் திரையில் நான் வெளியே நிற்கிறேன், ஆனாலும் சாகிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரித்தான் இருந்திருக்கும்.

அதே சஸ்தாஷாவில், அதே காகிதத்தின் முன்னால் நானும் நின்றேன். எங்கள் குழுவில் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் கிரீடம் இருந்தது. வழிகாட்டத் தகுதி பெற்ற மூத்த ஆட்டக்காரர் என்பதற்கு அடையாளம் அது. என் பெயருக்குப் பக்கத்தில் புதியவர்களுக்கான பச்சைத் துளிர். அவர் திரும்பி நடந்து வந்தார். அந்த விளையாட்டில் நாம் தேர்ந்தெடுக்கும் சில வாக்கியங்களைத் தானாக எதிராளியின் மொழியில் காட்டுகிற வசதி இருக்கிறது. ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு நான்கு மொழிக்கும். அதில் ஒரு வணக்கம் வைத்தார். காகிதத்தைக் கையால் சுட்டிக் காட்டினார். அப்புறம் ஆயுதத்தை முதுகில் செருகிக்கொண்டு சும்மா நின்றார். மற்ற இருவரும் நின்றார்கள். நான் படித்தேன். மூன்று பாறையையும் சுற்றிப் பார்த்தேன். தொட்டேன். வழி திறந்ததும் மூன்று பேரும் கைதட்டினார்கள். அவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் பார்த்ததும் இல்லை. ஐந்தாறு மாதம் கழித்து நான் சந்தா கட்ட ஆரம்பித்ததற்கு அந்த ஒரு நிமிடம்தான் காரணம்.

எல்லா மூத்த ஆட்டக்காரர்களும் வசை பாடுகிறவர்கள் இல்லை. திட்டுகிறவர்கள் குறைவுதான். அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். நல்ல எண்ணத்திலேயே அவசரப்படுகிறவர்கள். புதியவன் தவிக்கிறானே என்று ஓடிப்போய்ப் பாறையைத் தொட்டுவிடுவார்கள். கதைக் காட்சி ஓடும்போது அவன் பார்த்துக்கொண்டிருப்பான். இவர்கள் அதைத் தள்ளிவிட்டு ஓடி, அவன் கண் திறப்பதற்குள் அரக்கனைக் கொன்று முடித்திருப்பார்கள். முதல் கதையின் கடைசிக் கோட்டைகளில் இது எல்லை மீறிப் போனது. மாதக்கணக்கில் ஆடி வந்தவன் முடிவுச் சண்டையையே பார்க்காமல் போனான். கடைசியில் 2018-ல் அந்தக் காட்சிகளை யாரும் தாண்ட முடியாதபடி கம்பெனியே பூட்டிவிட்டது. 2022-ல் அந்தக் கோட்டைகளையே மாற்றி அமைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தப் பூட்டுக்கே வேலை வந்திருக்காது.

இந்தப் பொறுமையை நான் என் பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன். ஆத்தங்குடி டைல்ஸ் எப்படிச் செய்கிறோம் என்று உங்கள் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை நேர் மேலாக, ஒரே இழுப்பில் தூக்க வேண்டும். அந்தத் தூக்குதான் தொழில். கை ஒரு நூல் நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடி, பூ சேறாகிவிடும். புதிதாக வருகிற பையன் கை நடுங்கத்தான் செய்யும். பக்கத்தில் நிற்கிற எனக்கோ, "தள்ளுடா" என்று அச்சைப் பிடுங்கி நானே தூக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். முன்பு அப்படித்தான் செய்தேன். கல் அழகாக வரும். பையன் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவான். அவனுக்கு அங்கே கலவை சுமப்பதைத் தவிர ஒன்றும் கைக்கு வரவில்லை. இப்போது முதல் மாதம் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கெட்டுப்போன சாந்தைக் கழுவிவிட்டு மறுபடியும் ஊற்றச் சொல்கிறேன். சிமெண்டும் நிறமும் வீணாகத்தான் செய்கின்றன. ஆனால் அப்படி நின்ற பிறகு வந்த இரண்டு பேர் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறார்கள்.

நம் தெருக்களில் சின்னப் பிள்ளைகளை 'உப்புக்குச் சப்பாணி' என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோமே, அதில் பெரிய மனசு இருந்தது. தொட்டாலும் அவுட் இல்லை, தோற்றாலும் கணக்கில்லை, ஆனால் ஆட்டத்துக்குள் இருப்பான். இலவசமாக ஆட வருகிறவனை அந்த அளவுக்காவது சேர்த்துக்கொள்ளலாம்.

நேரம் இல்லை என்பார்கள். எனக்கும் இல்லை, காலை ஆறு மணிக்குப் பட்டறை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் குகைகளுக்கு மூத்தவர்கள் தினமும் போவதே, போனால் கூலி உண்டு என்பதால்தான். குழுவில் யாராவது முதல் முறை வந்திருந்தால், புதியவர் இருக்கிறார், முடித்தால் கூடுதல் பரிசு என்று ஆரம்பத்திலேயே திரையில் செய்தி வரும். அதாவது காத்திருப்பதற்கு முன்கூட்டியே சம்பளம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு பையனை வெளியே தள்ளுவதை என்னவென்று சொல்வது?

பொறுமையே இல்லாத விளையாட்டுகளிலும் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டில் ஏமாற்றுவதும் கொள்ளையடிப்பதும்கூட ஆட்டத்தில் சேர்த்திதான். அதிலேயே 2004 முதல் 'ஈவ் யுனிவர்சிட்டி' என்று ஆட்டக்காரர்களே கூடி, புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாட்களில்தான் நம் பிள்ளைகள் இப்படி இலவசமாக ஆடிப் பார்க்கிறார்கள். எந்தக் கணக்குக்குப் பணம் போகும், எதற்குப் போகாது, யாரிடம் பேசலாம், வசை வந்தால் எங்கே புகார் தரலாம் என்று பெற்றோருக்குப் புரியும்படி உங்கள் இளைஞர் பக்கத்தில் வெளியிடுங்கள். அதில் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் நான்கு வரி எழுதுங்கள். இதைப் படிக்கிற பழைய ஆட்டக்காரர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. பச்சைத் துளிரைப் பார்த்தால் முதலில் நீங்கள் வணக்கம் வையுங்கள். அவன் நின்றால் நீங்களும் நில்லுங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

என் தங்கை மகன் அதற்கப்புறம் அந்தக் கணக்கைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் போனில், காலாண்டு விடுமுறைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டான்: "மாமா, அந்தக் குகைக்கு நீங்களும் வருவீங்களா?" வருகிறேன் மாப்பிள்ளை என்றேன். முன்னால் நிற்கிற ஆளாக நான் போகிறேன். பட்டறையில் ஒரு பையனுக்கும் ஆட்டம் பழக்கம், அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். நான்காவது ஆள் யார் வருவாரோ தெரியாது. அவரிடம் உள்ளே போனதும் சொல்லிவிடுவேன். அந்தக் காகிதத்தில் என்ன நிறம் எழுதியிருக்கும் என்று போனிலேயே கேட்டான். ஒவ்வொரு முறையும் மாறும், நீயே படித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
டைல்ஸ் பட்டறைக்காரர் ஒருவர்,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.