சேதி எங்களோடு நிற்கட்டும், ஐயா

மாவட்ட மதுவரிப் பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் எங்கள் கிராமத்தைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளக்கட்டுக்குப் பின்னால் யார் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் வடிக்கிறார், எந்த வளவில் விற்கிறார் என்பதெல்லாம் எங்கள் மாதர் சங்கம் தந்த மனுவிலேயே இருக்கிறது. போன கிழமை தங்கள் ஜீப் வந்தது. நன்றி. ஆனால் அது ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே கோடாப் பரல்கள் (கசிப்பு வடிக்கப் புளிக்க வைத்த ஊறல்) காட்டுக்குள் போய்விட்டன. அன்று பின்னேரமே விற்பவர் எங்கள் பொருளாளரின் படலையடியில் வந்து நின்று, "அக்கா, கோல் எடுத்தது நீங்கள்தானாமே?" என்று கேட்டார். பொருளாளர் கோல் எடுத்தது தங்கள் அலுவலகத்துக்கு மட்டும்தான்.

அந்த வளவு வேலியில் ஒரு சைக்கிள் சாத்திக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வாங்கிக் கொடுத்தது. தகப்பன் ஈடு வைத்துக் குடித்துவிட்டார். கரியரில் அவள் புத்தகம் கட்டும் ரியூப் வார் இன்னும் சுற்றியபடியே இருக்கிறது. காலையில் அதைத் தாண்டித்தான் நடந்து போகிறாள். தாய் மீட்கப் போனால், "கணக்கு இன்னும் முடியேல்லை" என்கிறார்கள். தாய்க்கு அரசின் அஸ்வெசும உதவிக் காசு விழும் நாள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கசிப்பை ஒழிக்க ஒரு பாரைத் திறக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அருமையான யோசனை! 2024இல் கொடுபட்ட 362 மதுபான அனுமதிப்பத்திரங்களில் 32 வடக்குக்கு என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். கசிப்பு எங்கே குறைந்தது? போத்தல் விலை கட்டாதவன்தானே குளக்கட்டுக்குப் போகிறான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஊர் வியாபாரி அடையாள அட்டை கேட்டதாக நாங்கள் அறியவில்லை. பின்னேரம் பஸ் இல்லாத ஊரில் கசிப்பு மட்டும் சாமத்திலும் கிடைக்கும்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது வேறு. தயவுசெய்து திரும்ப வாருங்கள். தண்டப்பணம் கட்டிவிட்டு மறுநாளே அடுப்பு மூட்டுகிறவரைப் பிடிப்பதோடு நில்லாமல், வடிக்கும் இடத்தையே அழியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் தருகிறவரின் பெயர் தங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத்தான் மனுவிலும் கேட்டோம், இப்போதும் கேட்கிறோம். வழிகாட்ட எங்களில் இருவர் ஆயத்தம். யாரென்பதை ஜீப் வந்து நின்ற பிறகு சொல்வோம்.

இங்ஙனம்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்
(பெயர் எழுதாத காரணம் தாங்கள் அறிந்ததே)