ஏரியில் வண்டல் எடுக்க இறங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்களுக்கும் (2019-இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான்), வட்டாட்சியர்களுக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும், முக்கியமாக ஜேசிபியும் டிராக்டரும் ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

வண்டல் எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஏரி தூர்ந்து கிடந்தால் எவ்வளவு மழை பெய்தும் நிற்காது, நிலத்துக்கு வண்டலும் மண்பாண்டத்துக்குக் களிமண்ணும் வேண்டும்தான். ஆனால் நீங்கள் இறங்குகிற இதே சித்திரை, வைகாசியில்தான் காய்ந்த ஏரிக்குள் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சமயத்தில் கரையில் சரக்கொன்றை பூத்துத் தொங்குவது எல்லார் கண்ணிலும் படும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். குயில் விடியற்காலையிலேயே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும். நுங்கு வந்துவிட்டதா என்றும் பார்ப்போம். தரையில் கிடக்கிற முட்டைதான் யாருக்கும் தெரிவதில்லை. ஆள்காட்டி கூடு என்று எதுவும் கட்டாது. லேசாகப் பறித்த ஒரு குழி, சுற்றி நாலு பொடிக்கல், நடுவே மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட மூன்று அல்லது நான்கு முட்டை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாலும் கல் என்றே நினைப்போம்.

கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறபோது ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. சூடு கொடுப்பதைவிடச் சூட்டிலிருந்து காப்பதுதான் அப்போது பெரிய வேலை. குட்டையில் மிச்சம் இருக்கும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்கின்றன, அந்தத் தண்ணீருக்காக எத்தனை நடை! அதனால் டயர் ஏறினால்தான் முட்டை போகும் என்றில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் மதியம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலே போதும், தாய் தகப்பன் கிட்ட வர முடியாமல் கத்திக்கொண்டே சுற்ற, முட்டை வெயிலில் வெந்துவிடும். தலைக்கு மேலே ஆள்காட்டி விடாமல் கத்தினாலோ, இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாலோ, கூடோ குஞ்சோ அருகில்தான் இருக்கிறது. குஞ்சு பொரிக்க நாலு வாரம் ஆகும். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து ஓட ஆரம்பித்துவிடும், ஆபத்து என்றால் அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஓடிவிடும் என்று நம்பி ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

பாலாற்று மணலில் முட்டை வைக்கிற பட்டாணி உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவைக்கும் இதே கதைதான். பஞ்சுருட்டான் கொஞ்சம் வேறு மாதிரி. போன வருஷம் நீங்கள் வெட்டிவிட்டுப் போன பள்ளத்தின் செங்குத்தான பக்கத்திலேயே வளை தோண்டிக் குடும்பம் நடத்தும் பச்சைக் குருவி அது. ஜேசிபி செய்த நல்ல காரியம் என்றுகூடச் சொல்லலாம், இந்த வருஷம் அதே பக்கத்தை மறுபடி சீவாமல் இருந்தால்.

சரி, என்ன செய்யலாம்? அனுமதிச் சீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்: மண் எடுக்கும் இடத்தை முதல்நாள் காலையில் ஊர்க்காரர் ஒருவரோடு நடந்து பார்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர் ஆடு மேய்க்கிறவராக இருக்கட்டும். எந்த இடத்தில் எத்தனை முட்டை என்று எந்த அதிகாரியையும்விட அவருக்குத் தெரியும். கூடு இருந்தால் கொஞ்சம் தள்ளி நாலு குச்சி நட்டு, சுற்றி இருபது அடி விட்டுவிட்டு மற்ற இடத்தில் எடுங்கள். முட்டையைத் தூக்கி வேறு இடத்தில் வைக்காதீர்கள், பெற்றவை அங்கே தேடி வராது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் வேட்டை என்றே சொல்கிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை, லோடுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவர் அண்ணன் தலையில் அந்தப் பழி விழக்கூடாது என்பதற்காகத்தான். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கும் நேரத்துக்கும் அவருக்குக் காசு கொடுங்கள்.