வாய் திறந்தவர்களின் கணக்கு

சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியமான யூ.சி.ஐ.யின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஊக்கமருந்து எடுத்ததற்காக 2012 அக்டோபரில் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்களைப் பறித்தீர்கள். 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் பட்டியல் இன்றும் காலியாகவே கிடக்கிறது. ஏமாற்றியவரின் கணக்கு தீர்ந்தது. அவரை எதிர்த்து வாய் திறந்ததால் அடிபட்டவர்களின் கணக்கை எப்போது பார்ப்பீர்கள்?

பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பஸ்ஸோனை மறந்திருக்க மாட்டீர்கள். 1998-இல் அவரது ஃபெஸ்டினா அணியின் இ.பி.ஓ. மருந்துகள் (ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து) எல்லையில் பிடிபட்டபோது, இவர் மருந்தைத் தொடாதவர் என்று விசாரணையில் சொன்னவர்கள் சிக்கிக்கொண்ட சக வீரர்களே. அடுத்த ஆண்டு டூரில் பந்தயத்தில் ஓடிக்கொண்டே, ஊக்கமருந்து ஒழியவில்லை என்று பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் எழுதினார். அல்ப் டுவெஸ் மலைக்குச் செல்லும் நாளில் அவர் முன்னேறிப் பாய்ந்ததும் மொத்தக் கூட்டமும் துரத்திப் பிடித்தது. பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்த ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டாராம். வளரும் பிள்ளைகளுக்காக என்றாராம் இவர். அப்படியானால் கிளம்பு என்றாராம் அவர். சில நாட்களுக்குள் பஸ்ஸோன் கிளம்பியும்விட்டார்.

அதே டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் மருத்துவச் சீட்டில்லாமல் எடுக்கக் கூடாத கார்டிசோன் வகை மருந்து தெரிந்தது. இருக்கை உராய்ந்த புண்ணுக்குக் களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு வந்தது, நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். பிறகு அவரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் நன்கொடையும் வாங்கினீர்கள். அது லஞ்சம் என்பதற்குச் சான்றில்லை என்று 2015-இல் விசாரணைக் குழு சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். அவருக்குத் தனிச் சலுகை காட்டினீர்கள் என்று எழுதியதும் அதே குழுதான்.

இத்தாலிய வீரர் ஃபிலிப்போ சிமியோனி, தான் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு, ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆலோசகராக இருந்த டாக்டர் மிக்கேலே ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். 2004 டூரின் 18-ஆவது கட்டத்தில் முன்னே போன சிறு குழுவைப் பிடிக்க அவர் விரைந்தபோது, மஞ்சள் சட்டைக்காரரான ஆம்ஸ்ட்ராங்கே பின்தொடர்ந்தார். பட்டத்துக்குப் போட்டியே இல்லாத ஒருவரை அவர் ஏன் துரத்த வேண்டும்? சிமியோனி திரும்பினால்தான் தானும் திரும்புவேன் என்றார். திரும்பும் வழியில் உதட்டின் மேல் ஜிப் இழுப்பதுபோல் சைகை காட்டினார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

2008-இல் ரத்த மாற்றங்களைத் தொடர்ந்து பதியும் உயிரியல் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தீர்கள். அது நல்ல வேலை. புகார் சொல்பவரை மிரட்டுவதும் ஊக்கமருந்துக் குற்றமே என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு 2021-இல் மாறியது. அந்த விதி காகிதத்தில் தூங்கக் கூடாது: பந்தயச் சாலையில் நடக்கும் மிரட்டலுக்கும், யாரும் புகார் தரக் காத்திராமல், நடுவர்களே நடவடிக்கை தொடங்க வேண்டும்.

இன்னொன்று. ஆம்ஸ்ட்ராங்கே 2013-இல் இவ்விருவரையும் நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் காலத்தில் இந்த விளையாட்டின் விதிகளைக் காக்கும் பொறுப்பில் இருந்தது உங்கள் அமைப்பு. பஸ்ஸோனுக்கும் சிமியோனிக்கும் தலைவரின் கையெழுத்தோடு தனித்தனியே மன்னிப்புக் கடிதம் எழுதி, அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தய ரசிகன் ஒருவன்